யார் மூச்சில் எவ்வளவு?

போளூர்ப் பக்கம் ஒரு நெசவாளி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆரணிப் பட்டு என்று ஜவுளிக்கடையில் விரித்துப் போடுகிறார்களே, அந்தப் புடைவை பிறக்கிற வீடுகளில் ஒன்று. முன்னறையில் தறி. குழியில் காலை விட்டுக்கொண்டு வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர். அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி, போதும் என்று நின்றுவிடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. விறகு அடுப்பு.

விடிவதற்கு முன்பே பற்றவைத்தாகிவிட்டது. முதலில் வெந்நீர். அப்புறம் டீ. பிறகு சோறு, குழம்பு. விறகு ஈரம். ஊதுகுழலை எடுத்து ஊதுகிற பெண்மணியின் முகம் நெருப்புக்கு ஒரு முழம் தள்ளி இருக்கிறது. இடுப்பில் குழந்தை.

இந்த வீட்டில் யார் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார்கள்?

'இதென்ன கேள்வி, சமைக்கிறவங்கதான் அதிகமா சுவாசிப்பாங்க' என்பீர்கள். சரி. எவ்வளவு அதிகம்? இரண்டு மடங்கா, பத்து மடங்கா? தறியில் இருப்பவருக்கு எவ்வளவு? வாசல் திண்ணையில் பேப்பர் படிக்கும் மாமனாருக்கு? சமையலறையைப் பின்கட்டுக்கு மாற்றினால் எவ்வளவு குறையும்? அடுப்பை மாற்றினால்?

இந்தக் கேள்விகளுக்கு எண்ணால் பதில் சொல்வதற்கு ஒரு துறை இருக்கிறது. எக்ஸ்போஷர் சயின்ஸ் என்று பெயர். எந்த நஞ்சு, யார் உடம்பில், எவ்வளவு, எத்தனை நேரம் படுகிறது என்று அளக்கிற வேலை. கேட்டால் சாதாரணமாக இருக்கும். ஆனால் உலகம் இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட ஆரம்பித்து அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அந்தக் கதையின் முக்கியமான அத்தியாயங்கள் நம் ஊர்ச் சமையலறைகளில் எழுதப்பட்டவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஆரம்பம் கொஞ்சம் பழசு. 1700-ல் ராமஸினி என்ற இத்தாலிய டாக்டர், தொழிலாளர்களின் வியாதிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளி வந்தால் வழக்கமான கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்றும் கேளுங்கள் என்று சக டாக்டர்களுக்குச் சொன்னவர். நல்ல கேள்வி. ஆனால் சமைப்பதை யாரும் தொழில் என்று நினைக்கவில்லை. ஆகவே சமைப்பவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு லண்டன். 1952 டிசம்பரில் ஐந்து நாள் மூடிய புகைமூட்டத்தில் சுமார் நான்காயிரம் பேர் செத்துப்போனார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். உண்மை எண்ணிக்கை பன்னிரண்டாயிரம்கூட இருக்கலாம் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்லின. 1956-ல் சுத்தமான காற்றுக்காக ஒரு சட்டம் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. லண்டன் புகையில் பெரும்பகுதி வீட்டுக் கணப்புகளில் எரிந்த நிலக்கரியிலிருந்து வந்ததுதான். ஆனால் அது புகைபோக்கி வழியாகத் தெருவுக்கு வந்த பிறகுதான் அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. அதற்கப்புறம் உலகம் முழுக்க காற்றை அளக்கும் பெட்டிகள் எங்கே வைக்கப்பட்டன? தெருவில். மொட்டைமாடியில். ஆலை வாசலில்.

நம் நாட்டில் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது 1981-ல். அதன் கவனமும் ஆலைப் புகைபோக்கி, வாகனப் புகை என்றுதான் இருந்தது.

அதே 1981-ல் குஜராத் கிராமங்களில் ஓர் அமெரிக்கர் சமையலறைகளுக்குள் புகுந்துகொண்டிருந்தார். பெயர் கிர்க் ஸ்மித். ஹவாயில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் இருந்தவர், பிற்பாடு பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர். இந்திய ஆய்வாளர்கள் இருவரோடு சேர்ந்து, சமைக்கிற பெண்களின் உடம்பிலேயே அளவைக் கருவியை மாட்டிவிட்டார்.

கருவி ஒன்றும் பிரமாதமில்லை. இடுப்பில் ஒரு குட்டி பம்ப். அதிலிருந்து ஒரு குழாய், கழுத்தருகே ஒரு வடிகட்டித் தாள். பம்ப் காற்றை இழுக்கும், தூசு தாளில் படியும். மாட்டுவதற்கு முன் தாளின் எடை, கழற்றிய பின் தாளின் எடை. வித்தியாசம்தான் தூசு. பலசரக்குக் கடையில் டப்பாவின் எடையைக் கழிப்பது போலத்தான். என்ன, இங்கே தராசு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் மைக்ரோகிராம்.

1983-ல் முடிவு வெளியானது. சமைக்கும் நேரத்தில் அந்தப் பெண்களைச் சுற்றி ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாக ஏறத்தாழ 7,000 மைக்ரோகிராம் தூசு! தொழிற்சாலை நகரங்களின் தெருக்களில்கூட யாரும் பார்த்திராத எண். மாசு என்றால் நகரம், கிராமம் என்றால் சுத்தமான காற்று என்ற நம் சினிமாப்பாட்டு நம்பிக்கை அங்கே உடைந்தது.

டாக்டர்களுக்கு இது முன்பே தெரியாதா என்றால், ஒருவருக்குத் தெரிந்திருந்தது. எஸ்.பத்மாவதி. பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண். யுத்த காலத்தில் குடும்பத்தோடு கோயமுத்தூருக்குத் தப்பி வந்து, பிறகு வெளிநாட்டில் படித்து, இந்தியாவின் முதல் பெண் இதய நிபுணர் ஆனவர். 1950-களில் டெல்லியில் வேலை பார்த்தபோது ஒரு விஷயம் அவருக்கு உறுத்தியது. நுரையீரல் கெட்டுப்போய், அதனால் இதயத்தின் வலது பக்கம் வீங்குகிற நோயோடு பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பீடி, சிகரெட் பிடிக்கிற ஆண்களுக்கு வருகிற நோய். இவர்களோ புகை பிடிக்காதவர்கள். 1959-ல் சக டாக்டரோடு சேர்ந்து 127 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவருடைய சந்தேகம் அடுப்பின் மேல்.

சந்தேகம் சரிதான். ஆனால் அரசாங்கத்திடம் சந்தேகத்தைக் கொண்டுபோனால் ஃபைலில் போட்டுக்கொள்வார்கள். எண் வேண்டும். எவ்வளவு புகைக்கு எவ்வளவு நோய்? அந்த இடைவெளி நிரம்ப ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆயிற்று.

நடுவில் அரசாங்கம் சும்மா இருந்ததா? இல்லை. 'புகையில்லா அடுப்பு' உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். 1980-களின் மத்தியில் மத்திய அரசு தொடங்கி, 2002 வரை நடத்திய திட்டம். மூன்றரைக் கோடி அடுப்புகள் கொடுத்ததாகக் கணக்கு. மண் அடுப்பு, அதற்கு ஒரு புகைபோக்கி. பல வீடுகளில் அது சில மாதங்களிலேயே விரிசல் விட்டது. குழாய் அடைத்துக்கொண்டது. அடைக்காத குழாய் புகையை எங்கே கொண்டு போயிற்று? பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு. இலக்கு என்பது இத்தனை லட்சம் அடுப்பு என்று இருந்தது. அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவளின் மூச்சில் எவ்வளவு குறைந்தது என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், செலவுப் பக்கம் மட்டும் எழுதிய பேரேடு.

இனி நம்மூர்.

சென்னை போரூரில் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி. அங்கே கல்பனா பாலகிருஷ்ணன் என்ற விஞ்ஞானியின் குழு, தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளை எடுத்துக்கொண்டு அளந்தது. 2002-ல் முடிவுகள் வெளியாயின. சமையலறையில் எவ்வளவு தூசு என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு நாளில் எங்கெங்கே, எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்றும் கேட்டுக் குறித்தார்கள். 'அக்கா, காலைல எத்தனை மணிக்கு அடுப்பு பத்த வெச்சீங்க? அப்ப பாப்பா எங்க இருந்துச்சு? வீட்டுக்காரர் எங்க இருந்தாரு?' என்கிற மாதிரி விசாரணை.

ஏன்? வெயிட்டட் ஆவரேஜ் படித்தவர்களுக்கு உடனே புரியும். மற்றவர்களுக்காக, நம் போளூர் வீட்டுக்கே ஒரு மாதிரிக் கணக்கு. அடுப்பு எரிகிற மூன்று மணி நேரம் சமையலறையில் 1,000 மைக்ரோகிராம் என்று வையுங்கள். மீதி இருபத்தொரு மணி நேரம் வீட்டிலும் தெருவிலும் 80. இரண்டையும் நேரத்தால் பெருக்கி, கூட்டி, இருபத்து நான்கால் வகுத்தால் 195 வருகிறது. அந்தப் பெண்மணியின் ஒரு நாள் மூச்சுக் கணக்கு அது. மூன்று மணி நேரம்தான். நாளின் எட்டில் ஒரு பங்கு. ஆனால் மொத்தக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு அந்த மூன்று மணி நேரத்தில் வந்துவிடுகிறது.

உண்மையில் அளந்தபோது கிடைத்தவை இவை: விறகு வீடுகளில் சமைக்கும் நேரத்தில் நுண்தூசு 500 முதல் 2,000 வரை. ஒரு நாள் சராசரி, சமைப்பவர்களுக்கு 231. சமையலில் சம்பந்தப்படாதவர்களில் மிகக் குறைவாகச் சுவாசித்தவர்களுக்கு 90. கேஸ் மாதிரி சுத்தமான எரிபொருள் வீடுகளில் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே எண், 82.

கடைசி எண்ணைத் திரும்பப் படியுங்கள். கேஸ் வீட்டில் சமைப்பவளும் மற்றவர்களும் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். விறகு வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, மனைவிக்கு ஒரு காற்று, வெளியே சுற்றிவிட்டு வரும் கணவனுக்கு வேறு காற்று. எரிபொருளுக்கு அடுத்தபடியாக எது அதிகம் தீர்மானிக்கிறது என்றும் அந்த ஆய்வு சொன்னது. சமையலறை எந்த மாதிரி, எங்கே இருக்கிறது, சமைக்கும்போது யார் எவ்வளவு நேரம் அதன் அருகில் இருக்கிறார்கள் என்பவை. நம் நெசவாளி வெளியே போகிறவர் இல்லை. நாள் முழுக்க, கூரை தொடாத சுவருக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருப்பவர். வயல்வேலைக்குப் போகிற ஆணின் 90 அவருக்குப் பொருந்தாது.

ஸ்மித் இதை இன்னொரு விதமாகச் சொல்லிவந்தார். ஊருக்கு வெளியே உயரமான புகைபோக்கியில் போகிற ஒரு கிராம் தூசைவிட, வீட்டுக்குள் கிளம்புகிற ஒரு கிராம் தூசு மனித நுரையீரலுக்குள் போகிற வாய்ப்பு சுமார் ஆயிரம் மடங்கு. அனல்மின் நிலையத்தை விட்டுவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. எவ்வளவு வெளியேறியது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு உள்ளே போனது என்பது வேறு கேள்வி. பாலிஸி போடுகிறவர்கள் ரொம்ப காலம் முதல் கேள்வியை மட்டும் கேட்டார்கள். இது ஏழை நாட்டு விவகாரம் மட்டுமல்ல. 1980-களில் அமெரிக்காவில் நியூஜெர்ஸியின் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளுக்கு நடுவே வாழ்ந்த மக்களிடம் கருவியைக் கொடுத்துச் சுமக்கச் சொன்னார்கள். பல ரசாயனங்கள் ஆலைக் காற்றில் இருந்ததைவிட அவர்கள் வீட்டுக்குள் அதிகம் இருந்தன!

எண்கள் சேரச் சேர, மேலிடத்தில் காது கேட்க ஆரம்பித்தது. வீட்டுப் புகையால் உலகில் வருஷத்துக்கு 16 லட்சம் மரணங்கள் என்று 2002-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 2012-ல் வெளியான பெரிய உலகளாவிய கணக்கெடுப்பு 35 லட்சம் என்றது. பத்து வருஷத்தில் புகை இரு மடங்காகிவிட்டதா என்ன? இல்லை. நடுவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நோய்களும் கணக்கில் சேர்ந்தன. பேரேட்டில் விட்டுப்போன பக்கங்களை எழுதினார்கள். அதே 2012-ல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில், இந்தத் துறை 21-ம் நூற்றாண்டில் எங்கே போகவேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அந்தக் குழுவின் தலைவர் யார்? குஜராத் சமையலறைக்குள் புகுந்த அதே ஸ்மித்.

2014-ல் உலக சுகாதார நிறுவனம் வீட்டு எரிபொருளுக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. வீட்டில் மண்ணெண்ணெயும் வேண்டாம் என்றது அது. ரேஷன் கடையில் கேனோடு நின்ற தலைமுறைக்கு இது அதிர்ச்சியான செய்திதான். விறகிலிருந்து ஸ்டவ்வுக்கு மாறியதையே முன்னேற்றம் என்று நினைத்தவர்கள் நாம்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் கொஞ்சம் முந்திக்கொண்டது. 2006 தேர்தல் என்றால் எல்லோருக்கும் இலவச கலர் டி.வி.தான் ஞாபகம் வரும். அதே வாக்குறுதிப் பட்டியலில் ஏழைகளுக்கு இலவச கேஸ் அடுப்பும் இருந்தது. டி.வி.யைப் பற்றி எழுதித் தள்ளிய பத்திரிகைகள் அடுப்பை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் பிரதமர் மோடி உஜ்வலா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்புகள்.

ஆனால் பழைய புகையில்லா அடுப்புக் கதை இங்கேயும் எட்டிப்பார்த்தது. 2019-ல் தணிக்கைத் துறை கணக்கைப் புரட்டியபோது, உஜ்வலா குடும்பம் ஒன்று வருஷத்துக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் மாற்றியிருந்தது. உங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். மூன்று சிலிண்டரில் வருஷத்தை ஓட்ட முடியுமா? முடியாது. டீ போட கேஸ், சோறு வடிக்க விறகு, வெந்நீருக்கும் விறகு. விருந்தாளி வந்தால் கேஸ்.

பாதியாவது குறைந்ததே, பாதி பலன் கிடைக்காதா? கிடைக்காது என்பதுதான் சோகம். சிகரெட், அடுத்தவர் ஊதும் சிகரெட், தெருப் புகை, அடுப்புப் புகை எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தார்கள். இதய நோய்க்கு அந்தக் கோடு நேராகப் போகவில்லை. ஆரம்பத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு சாய்ந்துவிடுகிறது. அதாவது முதல் கொஞ்சம் புகைதான் அதிகம் கெடுக்கிறது. 200-லிருந்து 100-க்கு இறங்கினால் இதயத்துக்கு லாபம் கொஞ்சம். 50-க்குக் கீழே இறங்கினால்தான் பெரிய லாபம். பாதி விறகு, பாதி கேஸ் வீட்டுக்கு அந்தப் படிக்கட்டு எட்டவே இல்லை.

அப்படியானால் முழுக்க கேஸுக்கு மாற்றிப் பார்த்துவிடலாமே என்று ஒரு பெரிய சோதனை நடந்தது. 2018-ல் ஆரம்பம். இந்தியா, கௌதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள். இந்தியாவுக்கு 800 பேர், அத்தனை பேரும் தமிழ்நாடு. ஒரு களம் நாகப்பட்டினம். இன்னொன்று அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் கள்ளக்குறிச்சிப் பக்கம். போளூரில் பஸ் ஏறி திருவண்ணாமலை தாண்டினால் அடுத்த மாவட்டம். இங்கே வேலையை நடத்தியது போரூர்க் குழுதான். பாதிப் பெண்களுக்கு கேஸ் அடுப்பும், பதினெட்டு மாதத்துக்கு சிலிண்டரும் இலவசம். மீதிப் பேர் வழக்கப்படி விறகில். எல்லோருக்கும் மூச்சுக் கணக்கு.

எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது. புகை குறைந்ததா? நன்றாகவே. நான்கு நாடுகளையும் சேர்த்து, விறகுப் பெண்களுக்கு 70.7, கேஸ் பெண்களுக்கு 23.9. (பழைய 7,000, 231 எண்களோடு இதை ஒப்பிடாதீர்கள். தூசின் அளவும் வேறு, அளந்த விதமும் வேறு.) குழந்தையின் எடை? கேஸ் வீட்டுக் குழந்தைகள் சராசரியாக இருபது கிராம் வாக்கில்தான் அதிகம். தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க வித்தியாசம். பிறகு வந்த முடிவுகளில் குழந்தைகளின் கடுமையான நிமோனியாவும் குறையவில்லை. வளர்ச்சிக் குறைபாடும் குறையவில்லை.

கேஸ் வீண் என்று சொல்ல இதைவிட வசதியான ஆயுதம் கிடைக்காது. சொன்னவர்களும் உண்டு.

கொஞ்சம் பொறுங்கள். இந்தச் சோதனைக்கு முன்பே போரூர்க் குழு தமிழ்நாட்டில் 1,285 தாய்மார்களைக் கர்ப்பகாலம் முழுக்கத் தொடர்ந்து, 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டிருந்தது. நுண்தூசு 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. இப்போது 70.7-லிருந்து 23.9-ஐக் கழியுங்கள். ஏறத்தாழ 47. பத்துக்கு 4 கிராம் என்றால் 47-க்கு எவ்வளவு? சுமார் 19 கிராம். சோதனையில் வந்ததும் கிட்டத்தட்ட அதே இருபது! இதை நிரூபணம் என்று நான் சொல்ல மாட்டேன். தப்பாக எதிர்பார்த்தோமோ என்று யோசிக்க வைக்கிற எண் இது என்று மட்டும் சொல்வேன். கர்ப்பம் தரித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் அடுப்பே வந்தது. அதற்கு முன் இருபது வருஷம் அந்தப் பெண் அம்மா வீட்டுப் புகையில் வளர்ந்தவள். அவளுக்கு ஐம்பது வயதில் வரக்கூடிய மூச்சிரைப்பையும் மாரடைப்பையும் பதினெட்டு மாதச் சோதனை பார்க்க முடியாது. பத்மாவதி டெல்லியில் பார்த்தது அந்த நோய்களைத்தான்.

முடிவைப் பார்க்க ஸ்மித்தும் இல்லை, பத்மாவதியும் இல்லை. 2020 ஜூனில் அவர் காலமானார். ஆகஸ்டில் 103 வயதில் கொரோனாவுக்கு பத்மாவதி.

ஸ்மித் கடைசிக் காலத்தில் பங்கெடுத்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. இந்தியாவின் வெளிக்காற்றுக்கு நாம் வைத்திருக்கும் வரம்பு, ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம். வீட்டு அடுப்புப் புகையை மட்டும் முழுசாக நிறுத்தினாலே, ஆலை, வாகனம் எதிலும் கைவைக்காமல், நாட்டின் சராசரி அந்த வரம்புக்குக் கீழே வந்துவிடும் என்றது அது. உள்ளே கிளம்புகிற புகை கூரை வழியாக வெளியேறி, அதுவே ஊர்க் காற்றும் ஆகிறது.

அதே 2019 ஜனவரியில் மத்திய அரசு தேசிய தூய காற்றுத் திட்டத்தை அறிவித்தது. நூற்றுச் சொச்சம் நகரங்கள். சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி எல்லாம் அந்தக் கணக்கில் வந்தன. நகரத் திட்டம் என்பதால் போளூர் வரவில்லை. நிதி வாங்கிய நகரங்களின் முன்னேற்றத்தை மதிப்பிடுவது தெருவோரக் கருவிகளில் பதிவாகும் தூசை வைத்துத்தான். அதனால் செலவில் பெரும்பங்கு சாலைத் தூசைக் கூட்டுவதற்கும் தண்ணீர் தெளிப்பதற்கும் போயிற்று. அடுத்த சிலிண்டரின் விலைக்கு அதில் தலைப்பே கிடையாது.